எட்டு ஃபாரம்

‘மூலத்தின் சுவை சிறிதும் குன்றாமல் சுருக்கித் தந்திருக்கிறேன்.’ இந்த வாக்கியத்தைப் பதினொரு முன்னுரைகளில் எழுதியிருக்கிறேன். கீழே என் பெயரும் தேதியும் இருக்கும். அந்தப் பதினொன்றில் ஒரு மூலத்தைக்கூட நான் அப்போது படித்திருக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எனக்கு எழுபத்தொரு வயது.

திருச்சியில் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகத்துக்காரருக்குப் பதிப்பகமும் உண்டு. நான் வரலாற்றில் பி.ஏ. படித்தவன், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன். 1983ல் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, உலகப் புகழ் பெற்ற நாவல்களைச் சுருக்கித் தமிழில் போடலாம், லைப்ரரி ஆர்டருக்கு நன்றாகப் போகும் என்றார். “எட்டு ஃபாரத்துக்குள்ள முடிச்சிடுங்க சார். ஒன்பது போனா நமக்குக் கட்டுப்படி ஆகாது.” ஒரு ஃபாரம் பதினாறு பக்கம். எட்டு ஃபாரம் என்றால் 128 பக்கம். புத்தகத்துக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் சொன்னது பக்கக் கணக்கு மட்டும்தான். எதை வெட்டுவது என்று முடிவு செய்தவன் நான். படிக்காமல் வெட்டியவனும் நான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஆங்கிலத்தில் ஏற்கெனவே சுருக்கப்பட்ட மெல்லிய பதிப்புகள் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கி, இன்னும் சுருக்கித் தமிழில் எழுதுவேன். பதினொன்றில் ஆறு நாவல்கள் விக்டோரியா ராணி காலத்தவை. டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’, ‘பிளீக் ஹவுஸ்’, சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’, எலிசபெத் கேஸ்கெல்லின் ‘நார்த் அண்ட் சவுத்’, ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’, தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’. வெட்டுவதற்கு எனக்கு ஒரு பழக்கம் படிந்திருந்தது. வர்ணனை போகும். ஆசிரியர் வாசகனைப் பார்த்து நேராகப் பேசும் இடம் போகும். நாயகன் நாயகிக்கு ஒட்டுறவில்லாத ஆட்கள் போவார்கள். கடன், வழக்கு, தேர்தல், ஆலைக்கூலி எல்லாம் போகும். காதலும் கொலையும் ரகசியமும் நிற்கும்.

மூலம் கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. மாவட்ட நூலகத்தின் கண்ணாடி பீரோவில் ‘பிளீக் ஹவுஸ்’ முழுசாக இருந்தது. ஒருமுறை எடுத்தும் பார்த்தேன். பொடி எழுத்து, ஆயிரம் பக்கத்தை நெருங்கும் கனம். முதல் பக்கத்தில் லண்டனின் மூடுபனி. இரண்டாம் பக்கத்திலும் மூடுபனியே இருந்தது. திரும்ப வைத்துவிட்டு வந்து, அன்று இரவே முன்னுரையில் அந்த வாக்கியத்தை எழுதினேன்.

மற்றவற்றைச் சோம்பல் என்று சொல்லலாம். ‘டெஸ்’ஸில் நான் செய்தது வேறு. அந்தக் கதையில் பதினாறு, பதினேழு வயது ஏழைப் பெண்ணை அலெக் என்ற பணக்கார இளைஞன் ஒரு காட்டில், அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது கெடுத்துவிடுகிறான். என் கையிலிருந்த பள்ளிப் பதிப்பு அதைப் பூசி மெழுகியிருந்தது, ஆனால் மறைக்கவில்லை. நூலகத் தேர்வுக் குழுவில் யாராவது ஆபாசம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அந்த இரவை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு பொய்க் கல்யாணத்தை வைத்தேன். அலெக் சாட்சிகளை ஏற்பாடு செய்து அவளை ஏமாற்றி மணக்கிறான், பிறகு அது செல்லாத கல்யாணம் என்று தெரியவருகிறது. முதலாளி இதைக் கேட்கவில்லை. நானாகவே செய்து, சாமர்த்தியமாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

1989ல் அச்சக முகவரிக்கு எனக்கு ஒரு இன்லேண்டு கடிதம் வந்தது. ஒரு சிற்றூரின் கிளை நூலகத்தில் ‘டெஸ்’ படித்த பெண் எழுதியிருந்தார். ‘ஏமாற்றியவன் அவன். இவள் எந்தத் தப்பும் செய்யவில்லையே ஐயா. பிறகு இவளைக் காதலித்துக் கட்டிக்கொள்கிற ஏஞ்சல் ஏன் கல்யாண ராத்திரியே இவளை வெறுக்கிறான்? நான் இரண்டு தடவை படித்துவிட்டேன், விளங்கவில்லை’ என்று கேட்டிருந்தார். பதில் போட்டேன். அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒழுக்கம் அப்படி, ஹார்டி எழுதியதை எழுதியபடியே தந்திருக்கிறேன் என்று எழுதினேன்.

ஓய்வு பெற்று, அறுபத்தாறாம் வயதில் கண்புரை அறுவை முடிந்த பிறகுதான் மூலங்களைப் படிக்க உட்கார்ந்தேன். நேர்மையால் உந்தப்பட்டு உட்கார்ந்தேன் என்று சொல்ல முடியாது. மகள் கைக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தாள், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பழைய நாவல்கள் அதில் இலவசமாகவே கிடைத்தன. என் புத்தகங்களின் பெயரை அதில் பார்த்ததும் ஒரு ஆசை. ‘பிளீக் ஹவுஸ்’ஸில் தொடங்கினேன்.

அந்த மூடுபனிக்குள் இம்முறை நடந்து போனேன். நதியில் தொடங்கி, வயோதிகரின் தொண்டையில் இறங்கி, கடைசியில் சான்சரி நீதிமன்றத்தின் நடுவே போய் அது உட்காருகிறது. எதுவும் யாருக்கும் தெரியாமல் நடக்கிற ஒரு அமைப்பைப் பற்றிய நாவல் அது, அதை முதல் பக்கத்திலேயே காற்றாக உடம்புக்குள் ஏற்றிவிடுகிறார் டிக்கன்ஸ். நான் வீசியெறிந்தது வர்ணனை என்று நினைத்திருந்தேன்.

அதில் ஜோ என்று ஒரு பையன். தெருமுனையில் சேறு கூட்டிப் பிழைப்பவன். என் புத்தகத்தில் அவனுக்கு இரண்டு வரி: ‘ஜோ என்ற ஏழைச் சிறுவன் வழி காட்டினான். பின்னர் நோயுற்று இறந்தான்.’ மூலத்தில் அவன் வராத இடமில்லை. தன்னிடம் அன்பாக இருந்த ஒரே மனிதர் இறந்தபோது மரண விசாரணைக்கு வருகிறான். சத்தியப் பிரமாணம் என்றால் என்னவென்று தெரியாத பையனின் சாட்சியம் செல்லாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த மனிதரைப் புதைத்த இடுகாட்டின் வாசற்படியை இரவில் தனியாக வந்து பெருக்குகிறான். எங்கே நின்றாலும் போலீஸ்காரர் நகரு என்கிறார், எங்கே நகர்வது என்று எவரும் சொல்வதில்லை. அவன் உடம்பிலிருந்த நோய் சேரியிலிருந்து கிளம்பி, கதை சொல்லும் எஸ்தரின் முகத்தையே மாற்றிவிடுகிறது. மாளிகையில் இருக்கிற சீமாட்டியின் ரகசியத்துக்கும் அவன்தான் சாட்சி. ஆயிரம் பக்கத்தில் உயரத்தில் இருப்பவர்களையும் தாழ்வாரத்தில் கிடப்பவர்களையும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பவன் அவனே. அவன் இறக்கும்போது டிக்கன்ஸ் கதையை நிறுத்திவிட்டு, அரசியையும் பிரபுக்களையும் மதகுருமார்களையும் நேராகக் கூப்பிட்டு, இப்படி நம்மைச் சுற்றித் தினமும் சாகிறார்கள் என்கிறார். அதை நான் ‘ஆசிரியர் பேச்சு’ என்று வெட்டியிருப்பேன். என் பள்ளிப் பதிப்பில் அது வெட்டப்பட்டே வந்திருந்தது.

மிஸ் ஃபிளைட் என்ற மூதாட்டியைப் பெயர்கூட இல்லாமல் நீக்கியிருந்தேன். தீர்ப்பு வரும் நாளில் திறந்துவிடுவதற்காகப் பறவைகளைக் கூண்டில் வளர்ப்பவர் அவர். வழக்கு இழுத்துக்கொண்டே போக, பறவைகள் கூண்டிலேயே செத்துச் செத்து வேறு பறவைகள் வருகின்றன. நாவலின் நடுவில் ஓடும் அந்த ஜார்ன்டைஸ் வழக்கு எப்படி முடிகிறது தெரியுமா? சொத்து முழுவதையும் வழக்குச் செலவே தின்றுவிட்டதால் முடிகிறது. என் தாத்தா காலத்தில் தொடங்கிய பாகப்பிரிவினை வழக்கு என் சித்தப்பா காலத்தில்தான் தீர்ந்தது. கோர்ட் வராந்தாவில் சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருந்த என் பெரிய பாட்டியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பாட்டியின் பேரன்தான் மிஸ் ஃபிளைட்டை எட்டு ஃபாரத்துக்காக வெளியே தள்ளினான்.

1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை பத்தொன்பது மாதம் இந்த நாவல் தனித்தனி இதழாக வந்தது. மாதம் ஒன்று, 32 பக்கம், இரண்டு படம், விலை ஒரு ஷில்லிங். ஒன்றரை வருடம் ஜோவும் மிஸ் ஃபிளைட்டும் வாசகர்களின் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். இது எனக்குப் புரியாத விஷயமாக இருந்திருக்கக் கூடாது. ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ வந்த 1950களின் தொடக்கத்தில் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தவர் என் அம்மா. அந்த பைண்டு நைந்துபோன பிறகும் வீட்டில் இருந்தது. பூங்குழலியைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். யாராவது அதை 128 பக்கமாக்கி அவர் கையில் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நீளம் என்பது அவருக்கு அந்த மனிதர்களோடு கழித்த காலம். கேஸ்கெல்லுக்கும் இது தெரிந்திருந்தது. ‘நார்த் அண்ட் சவுத்’ 1854-55ல் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் வந்தபோது இடப் பற்றாக்குறையால் முடிவை நெருக்கி எழுத வேண்டியிருந்தது அவருக்கு. மனம் ஆறாமல் புத்தகமாக வந்தபோது கடைசிப் பகுதியை விரித்து எழுதிச் சேர்த்தார். எழுதியவர் சண்டை போட்டு மீட்ட பக்கங்களையும் நான் வெட்டியிருக்கிறேன்.

இவர்களைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. டிக்கன்ஸின் நல்ல பெண்கள் பலர் களிமண் பொம்மைகள். தன் மனைவி கேத்தரினைப் பிரிந்ததை 1858ல் தன் பத்திரிகையிலேயே அறிக்கையாகப் போட்டு அந்தப் பெண்மணியைப் பத்து குழந்தைகளுக்குப் பிறகு ஊர் முன் நிறுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘ஜேன் அயர்’ இவ்வளவு நியாயம் பேசிவிட்டு, ஜமைக்காவிலிருந்து வந்த பெர்த்தாவை மாடியறையில் பூட்டிவைத்து மிருகம் போலக் காட்டுகிறது. படிக்கும்போது கை கூசுகிறது. ஆனால் இந்தக் குறைகளையும் நான் முழுசாகப் படித்த பிறகுதான் கண்டேன். சுருக்கத்தில் குறைகளுக்கும் இடம் கிடையாது.

‘மிடில்மார்ச்’ என்னை உட்கார விடவில்லை. 1871 டிசம்பரில் தொடங்கி ஒரு வருடத்தில் எட்டுப் பகுதிகளாக வந்த நாவல், ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சிற்றூரைப் பற்றியது. என் பதிப்பில் டோரதியா, அவளுடைய கிழக் கணவர் காசபன், பிறகு அவள் மணக்கும் லாடிஸ்லா, அவ்வளவுதான். புல்ஸ்ட்ரோட் என்ற வங்கிக்காரர் கதைக்கு அநாவசியம் என்று தூக்கிவிட்டேன். ஊரில் பக்திமான், தருமவான் என்று பெயர் எடுத்தவர். பழைய காலத்தில் மோசமான வழியில் வந்த பணத்தை, உரிய வாரிசை மறைத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டவர். அந்த ரகசியம் தெரிந்த ராஃபிள்ஸ் நோயாளியாக அவர் பொறுப்பில் வந்து சேர்கிறான். மதுவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரவில் பணிப்பெண் பிராந்தி கேட்டு வருகிறாள். புல்ஸ்ட்ரோட் சாவியைக் கொடுத்துவிடுகிறார். அவ்வளவுதான் அவர் செய்தது. மறுநாள் காலையில் ராஃபிள்ஸ் இறந்துவிடுகிறான்.

ஜார்ஜ் எலியட் அந்த மனிதரைக் கயவன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பொய்யையும் புல்ஸ்ட்ரோட் எந்த நியாயத்தைச் சொல்லித் தனக்குத்தானே ஏற்கவைத்தார் என்று அடி அடியாகக் கூட்டிப்போகிறார். பணத்தை நல்ல காரியத்துக்குத்தானே செலவழிக்கிறோம் என்பது அதில் ஒன்று. படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. ‘ஒன்றுமே கிடைக்காத கிராமத்து வாசகனுக்கு இவ்வளவாவது கிடைக்கிறதே’ என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த நியாயம் அதே தையல்காரர் தைத்தது.

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அவருடைய மனைவி ஹாரியட், நகைநட்டும் நல்ல உடையும் பிரியமான சாதாரணப் பெண்மணி, அண்ணன் வாயால் அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார். பிறகு நகைகளைக் கழற்றிவைத்துவிட்டு, கறுப்பு உடையும் அலங்காரமில்லாத தொப்பியும் போட்டுக்கொண்டு, தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் கணவனிடம் போய் நிற்கிறார். எவ்வளவு உண்மை என்று அவர் கேட்கவில்லை. நான் குற்றமற்றவன் என்று இவரும் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து அழுகிறார்கள்.

கைக்கணினியைக் கவிழ்த்து வைத்தேன். கூடத்தில் கண்ணாடி அலமாரி இருக்கிறது, அதில் என் பதினொரு புத்தகமும் வரிசையாக நிற்கும். வருகிற உறவினர்களிடமெல்லாம் ‘இவர்தான் டிக்கன்ஸைத் தமிழ்ல கொண்டுவந்தவர்’ என்று என் மனைவி காட்டுவாள். வாரம் ஒருமுறை துணியால் துடைப்பவளும் அவள்தான். அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் பேசவே இல்லை. முடிந்ததும், “ஏங்க, அந்தப் பொண்ணு லெட்டர் போட்டிச்சே, அதுக்கு நெசத்தை எழுதினீங்களா?” என்று கேட்டாள். அந்தக் கடிதத்தை அந்த நாளில் அவளிடம் பெருமையாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். நான் மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் ‘டெஸ்’ மூலத்தைத் திறக்கத் துணிந்தேன். அந்த நாவல் 1891ல் ‘தி கிராஃபிக்’ வார இதழில் தொடராக வந்தபோது நடந்ததையும் படித்தேன். குடும்பப் பத்திரிகைக்குப் பொருந்தாது என்பதால் காட்டு இரவை எடுத்துவிட்டு, ஹார்டியே அங்கே ஒரு பொய்க் கல்யாணத்தை வைக்க வேண்டியிருந்தது! வெள்ளம் ஓடும் பாதையில் ஏஞ்சல் பால்காரப் பெண்களைக் கையில் தூக்கிக் கடத்துவதுகூட பத்திரிகை ஆசிரியருக்கு உறுத்தியிருக்கிறது, அதற்கொரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். வெட்டியவற்றில் பெரும்பாலானதை அந்த ஆண்டின் கடைசியில் வந்த புத்தகத்தில் ஹார்டி திரும்பச் சேர்த்து, தலைப்புக்குக் கீழே அவளைத் தூய பெண் என்று எழுதினார். அதற்காக வாங்கிக் கட்டிக்கொள்ளவும் செய்தார். அவர் வலியோடு போட்டுப் பிறகு கழற்றி எறிந்த அதே முகமூடியை, தொண்ணூற்றேழு வருடம் கழித்து நான் யாரும் கேட்காமலே அவளுக்கு மறுபடி மாட்டியிருக்கிறேன்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது. இந்தக் கட்டுரையில் மேலே அதைச் சொல்லாமல் வெட்டிவிட்டேன், பழைய கை. ‘அவளுக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் ஐயா?’ என்று கேட்டிருந்தார். ஏன் கேட்டார், எந்த நிலையில் இருந்து கேட்டார் என்று நான் யோசிக்கவே இல்லை. ‘அப்படி எதுவும் கதையில் இல்லை’ என்று எழுதினேன்.

இருந்தது. என் கையிலிருந்த பள்ளிப் பதிப்பிலேயே ஒரு வரியாக இருந்தது. தெரிந்தே எடுத்தேன், தெரிந்தே இல்லை என்று எழுதினேன். மூலத்தில் அது ஒரு முழு அத்தியாயம், பதினான்காவது. அறுவடை வயலில் எல்லார் முன்னாலும் டெஸ் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். குழந்தைக்கு உடம்பு முடியாமல் போகிற இரவில் ஞானஸ்நானம் கொடுக்கப் பாதிரியாரைக் கூப்பிட வேண்டும். வீட்டு மானம் போகும் என்று அவளுடைய அப்பா கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அவள் தம்பி தங்கைகளை எழுப்பி மண்டியிடவைத்து, முகம் கழுவும் தொட்டித் தண்ணீரால் தானே ஞானஸ்நானம் கொடுக்கிறாள். துயரம் என்று பொருள்படும் பெயரை வைக்கிறாள். விடிவதற்குள் குழந்தை போய்விடுகிறது. தான் செய்தது செல்லுமா என்று பாதிரியாரிடம் கேட்கிறாள். செல்லும் என்கிறார். அப்படியானால் முறைப்படி அடக்கம் செய்வீர்களா என்கிறாள். அதற்கு அவர் முடியாது என்கிறார். கல்லறைத் தோட்டத்தில் காஞ்சொறி மண்டிய மூலையில், குடிகாரர்களும் தற்கொலை செய்துகொண்டவர்களும் கிடக்கிற இடத்தில், லாந்தர் வெளிச்சத்தில் குழந்தையைப் புதைக்கிறார்கள். குழி வெட்டியவருக்கு ஒரு ஷில்லிங்கும் ஒரு பைண்ட் பீரும் கூலி. இரண்டு மெல்லிய மரச்சட்டங்களைக் கயிற்றால் கட்டிச் சிலுவை செய்து அவள் தலைமாட்டில் நடுகிறாள். கால்மாட்டில் பூக்கொத்து ஒன்றைத் தண்ணீர் ஊற்றிய ஜாடியில் வைக்கிறாள். அது மார்மலேடு வந்த காலி ஜாடி. ஜாம் கம்பெனியின் பெயர் அதன் மேல் அப்படியே இருக்கிறது.

அந்த ஜாடியில் இருக்கிறார்கள் இந்த எழுத்தாளர்கள் எனக்கு. கதை நகர அது தேவையில்லை. எந்தச் சுருக்கத்திலும் அது முதலில் போகும். இன்று பத்து நிமிட வீடியோவில் நாவலைச் சொல்லி முடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, நான் செய்த தொழிலை அவர்கள் வேகமாகச் செய்கிறார்கள். ஆனால் தன் குழந்தையைப் பற்றி எவரிடமும் பேச முடியாத ஒரு பெண் எந்த ஊரிலாவது இருந்தால், அவளுக்கு வேண்டியிருப்பது டெஸ்ஸுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்ற தகவல் இல்லை. அந்த மூலையும் அந்த லாந்தரும் அந்த ஜாடியும்தான். 1891ல் லண்டன் பத்திரிகை ஒன்று மறைத்ததை ஒருவர் எடுத்துத் திரும்ப வைத்தார் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்கு எழுதிய பெண்ணுக்கு அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அன்று நானாக இருந்தேன்.

அந்தக் கடிதம் என்னிடம் இல்லை. அச்சகம் மூடி வெகுகாலம் ஆகிறது. ஊர்ப் பெயர் மங்கலாக நினைவிருக்கிறது, கிளை நூலகத்துக்குப் போய் விசாரித்தேன். ‘டெஸ்’ அங்கே இன்னும் இருந்தது, முன்னட்டை போய் பழுப்பு பைண்டில். ஒட்டியிருந்த சீட்டில் தேதி முத்திரைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

போன வருடத்திலிருந்து பதினான்காம் அத்தியாயத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தையும் விடாமல். இரவு முடிந்தவரை எழுதி, காலையில் மனைவிக்குப் படித்துக் காட்டுகிறேன். கதவைப் பூட்டுகிற இடத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து, மேலே படிங்க என்றாள். இப்போது பாதிரியாரிடம் டெஸ் கேட்கிற இடத்தில் நிற்கிறேன். முதல் பக்கத்தில், முன்னுரை இருக்க வேண்டிய இடத்தில், ‘1989ல் எனக்கு எழுதிக் கேட்ட வாசகிக்கு: ஆமாம் அம்மா, குழந்தை பிறந்தது’ என்று எழுதியிருக்கிறேன்.